கயிற்றை அறுக்கும் பிரசங்கிகளுக்கு

தாவீது இஸ்ரவேலைத் தொகையிட்டான். ஏவியது யார்? 2 சாமுவேல் 24 கர்த்தருடைய கோபம் என்கிறது. 1 நாளாகமம் 21 சாத்தான் என்கிறது. வாலிபர் வேதபாடத்தில் இந்தக் கேள்வி எழுந்ததும் நம்மில் பலருக்குப் பதில் நுனிநாக்கில் இருக்கும்: கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான். யோபு புத்தகத்தை மனதில் வைத்துச் சொல்லும் பதில் இது. அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் சாமுவேலில் அனுமதி என்ற பேச்சே இல்லை. அந்த வசனத்தின் கூர்மையை மழுக்கித்தான் சமாதானம் செய்கிறோம்.

நாளாகமத்தின் ஆசிரியர் சிறையிருப்புக்குப் பின், பாரசீகர் ஆட்சியில் எழுதியவர். பழைய வரலாறு தெரியாமல் அவர் மாற்றி எழுதவில்லை. நன்மை தீமை இரண்டையும் கர்த்தரின் கரத்திலிருந்தே வாங்கிக்கொண்ட முன்னோரின் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்ல அவருக்குக் கூச்சம் இருந்திருக்கிறது. அந்தத் தொகையிடுதலால் வந்த வாதை நிற்க, பலிபீடம் கட்டத் தாவீது வாங்கிய களத்தின் விலையையும் பாருங்கள். சாமுவேலில் களத்துக்காரன் அர்வனாவுக்குத் தாவீது கொடுத்தது 50 சேக்கல் வெள்ளி. நாளாகமத்தில் ஒர்னான் என்று பெயர் பெறும் அதே ஆளுக்குக் கொடுத்தது 600 சேக்கல் பொன். களமும் மாடுகளும் ஒரு விலை, நிலம் முழுவதும் வேறு விலை என்று கணக்கை நேர்செய்துவிடலாம்தான். ஆனால் தேவாலயம் எழப்போகும் இடம் அதுவே என்று நாளாகமம் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறது. பொன் ஏன் வந்தது என்பது அங்கே விளங்கும். பிரசங்கத்துக்குப் பொருள் இங்கேதான் கிடக்கிறது, கணக்கில் இல்லை.

எல்லா முரணுக்கும் இவ்வளவு ஆழம் கிடையாது. அகசியா ராஜாவானபோது 2 இராஜாக்களில் வயது 22, 2 நாளாகமத்தில் 42. அவன் தகப்பன் யோராம் இறந்ததோ 40 வயதில். பிரதியெடுத்தவரின் கை பிசகியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போகலாம். விசுவாசம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

முரண்களைக் கரைத்துவிடும் ஆசை பழையது. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாக்கி ‘தியாத்தெசரோன்’ என்ற நூலைத் தொகுத்தார். சீரிய மொழிச் சபைகள் அதைத் தலைமுறைகளாக வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோதரேத்து தம் பகுதிச் சபைகளிலிருந்து 200-க்கு மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு சுவிசேஷங்களையும் அங்கே வைத்தார். அந்தத் தொகுப்பில் இயேசுவின் வம்ச அட்டவணைகள் இல்லை என்பது தியோதரேத்து சொன்ன குறைகளில் ஒன்று. மத்தேயுவும் லூக்காவும் வெளிப்படையாக வேறுபடும் இடம் அது! ஒன்றாக்க நினைத்தவர் வெட்டவும் வேண்டியிருந்தது.

நாம் வெட்டுவதில்லை, சேர்க்கிறோம். மத்தேயுவில் யூதாஸ் நான்றுகொள்கிறான், அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாக விழுகிறான்; கயிறு அறுந்து விழுந்தான் என்கிறோம். கயிறு அறுந்த செய்தி மத்தேயுவிலும் இல்லை, அப்போஸ்தலர் நடபடிகளிலும் இல்லை. காட்டிக்கொடுத்த பணத்தில் நிலத்தை வாங்கியது ஆசாரியர்களா யூதாஸா என்ற வேறுபாடு அதற்குப் பிறகும் அப்படியே நிற்கிறது.

அடுத்த முறை கேள்வி வரும்போது விளக்கத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். முரண்படும் இரண்டு அதிகாரங்களையும் சபையில் உரக்க வாசிக்கச் செய்து, வேறுபாடுகளைக் கேட்பவர்களே எடுத்துச் சொல்லட்டும். அப்படி நடத்திய வேதபாடக் குறிப்புகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், வெளியிடக் காத்திருக்கிறோம்.