ஆறாவது வாரத்தில் அவர் எங்கே?

வாடகைத்தாய்முறை ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நம் கருத்தரங்குகளில் பேசப்பட்டது பெரும்பாலும் தம்பதியரைப் பற்றித்தான். மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55 என்ற வரம்பு சரியா? தானமாகப் பெற்ற கருமுட்டை கூடாது என்று 2023 மார்ச்சில் விதியைத் திருத்தி, 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தினார்களே, அதன் பிறகு யாருக்கு வழி கிடைத்தது? சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறையவைத்துக் காத்திருந்தவர்களுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதை எப்படி நடைமுறைப்படுத்துவது?

எல்லாமே தேவையான விவாதங்கள். புற்றுநோய்க்காகக் கருப்பையை இழந்தவர், பிறவியிலேயே கருப்பை இல்லாதவர், முதல் பிரசவத்தின் உதிரப்போக்கில் குழந்தையையும் கருப்பையையும் சேர்த்துப் பறிகொடுத்தவர் நம் முன் வந்து உட்காரும்போது, அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஆனால் மாதாமாதம் நம் மேசையில் படுத்து வயிற்றைக் காட்டுபவர் வேறொருவர். நம் நோயாளி அவர்தான். அவரைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

பணத்துக்குச் சுமப்பதைச் சட்டம் தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் பிற செலவுகள், காப்பீடு இவற்றைத் தவிர வேறு எதுவும் கைமாறக் கூடாது. நெருங்கிய உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்று முந்தைய மசோதாவில் இருந்த நிபந்தனை இறுதிச் சட்டத்தில் இல்லை. 25 முதல் 35 வயதுக்குள், மணமாகிச் சொந்தக் குழந்தை உள்ள, மனமுவந்து முன்வரும் பெண் வாழ்நாளில் ஒருமுறை சுமக்கலாம். ஆனால் கைம்மாறு இல்லாமல் இதைச் செய்ய முன்வருபவரை வீட்டுக்கு வெளியே தேடுவது எளிதா? கடைசியில் கண்கள் உறவுக்குள்தான் திரும்புகின்றன. ஓரகத்தி, நாத்தனார், சித்தி மகள். அதிலும் வசதி குறைந்தவர், ஏற்கெனவே அந்தக் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்.

ஐந்தாறு பேராக உள்ளே வருவார்கள். நடுநாற்காலியில் தம்பதியர், அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள். சுமக்கப்போகும் பெண் சுவரோரம் நிற்பார். “கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது?” என்று கேட்டால் மாமியார் பதில் சொல்வார். “உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டால் அவர் தலையசைப்பார். படிவத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பின்விளைவுகளை எல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது சட்டம். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் அவர் பின்வாங்கலாம் என்றும் சொல்கிறது. இந்த உரிமையை வீட்டார் முன்னிலையில் வாசித்துக் காட்டிப் பயனில்லை. மற்றவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரிடம் தனியாகப் பேச வேண்டும். முதல் சந்திப்பில் ஒருமுறை, கரு வைக்கும் நாளுக்கு முன் இன்னொருமுறை. “சம்மதமா?” என்ற கேள்வியைவிட, “நீங்கள் மாட்டேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும்?” என்ற கேள்விக்கு உண்மையான பதில் வரும். உயிருடன் சிறுநீரகம் தருபவர்களைப் பரிசோதிக்கும் குழுக்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கொடையாளர் தனிமையில் தயக்கம் தெரிவித்தால், “மருத்துவரீதியாக இவர் பொருத்தமானவர் அல்ல” என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லி அவரைக் காப்பாற்றிவிடுவார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. நாமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடல் அபாயத்தையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். “ஏற்கெனவே நல்லபடியாகப் பெற்றவர்தானே, ஒன்றும் ஆகாது” என்ற சமாதானம் நம் வாயிலிருந்தே வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நிகழ்ந்த ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. தாய்க்குக் கடுமையான உடல்நலச் சிக்கல் நேர்ந்த விகிதம் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 விழுக்காடு, சோதனைக்குழாய் முறையில் 4.3, பிறருக்காகச் சுமந்தவர்களில் 7.8. பேற்றுக்குப் பின் உதிரப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இதோடு இரட்டைக் கரு ஆசையும் சேர்ந்தால் என்ன ஆகும்? உயிருடன் ஒரு குழந்தை இருந்தால், குறிப்பிட்ட விலக்குகள் தவிர, மீண்டும் இந்த வழிக்கு அனுமதி இல்லை. அதனால் “ஒரே தடவையில் இரண்டாக வைத்துவிடுங்கள் டாக்டர்” என்ற வேண்டுகோள் வருவது இயல்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதி ஒரு கருவைத்தான் வைக்கச் சொல்கிறது. மூன்று வரை என்பது சிறப்புச் சூழலுக்கு மட்டும். தம்பதியரின் ஆசை சிறப்புச் சூழல் ஆகாது.

இனி பிரசவ அறைக்குப் பிந்தைய நாட்கள். குழந்தை பிறந்ததும் கூட்டம் முழுக்கக் குழந்தையோடு போய்விடும். அதில் தவறில்லை, அவ்வளவு காலம் ஏங்கியவர்கள். மூன்றாம் நாள் சுமந்தவருக்குப் பால் கட்டிக்கொள்ளும், மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிக்கும். அப்போதுதான் பலருக்கும் அவர் நினைவே வருகிறது. பால் சுரப்பை நிறுத்த முதல் நாளிலேயே கேபர்கோலின் தருவதானால், ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் தரக் கூடாது. கர்ப்பகால ரத்த அழுத்தம் இருந்தவருக்கு அந்த மருந்து ஆகாது. சுமப்பவர்களிடம் அந்த அழுத்தம்தான் கூடுதல் என்பதை மறந்துவிட்டு, வழக்கமான மருந்துச்சீட்டை நீட்டுவது ஆபத்து.

மனநிலை பற்றி மும்பையில் நிஷ்டா லம்பா, வசந்தி ஜாத்வா, சூசன் கோலம்பொக் முதலியோர் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. நாம் பொதுவாக நம்புவதை அது புரட்டிப்போட்டது. பிறருக்காகச் சுமந்த பெண்களிடம் மற்றத் தாய்மாரைவிட மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஆனால் குழந்தையைக் கொடுத்ததால் அது ஏறியதாகத் தெரியவில்லை. கர்ப்ப காலத்தில் ஆதரவு இல்லாமை, விஷயத்தை ஒளித்து வைத்தது, ஊராரின் ஏச்சு ஆகியவைதான் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன. அது பணத்துக்குச் சுமந்த காலத்து ஆய்வு என்றாலும், ஒளிப்பு இன்றும் போகவில்லை. வளைகாப்பு ஒருவருக்கு, வயிறு இன்னொருவருக்கு என்று ஏற்பாடு செய்யும் குடும்பங்கள் உண்டு. சுமப்பவரை வெளியூருக்கு அனுப்பி, அவருடைய சொந்தக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிடுவதும் உண்டு. அம்மா வயிற்றைப் பார்த்த அந்தப் பிள்ளைக்கு யார் என்ன சொன்னார்கள்? ஆலோசகர்கள் இந்தக் கேள்வியை முதல் அமர்விலேயே எழுப்ப வேண்டும். பிறக்கும் குழந்தைக்கும் உண்மையைச் சீக்கிரம் சொல்வதே நல்லது. பிரிட்டனில் கோலம்பொக் குழுவினர் வாடகைத்தாய்முறையிலும் கொடையாளர் உதவியோடும் பிறந்தவர்களை இருபது வயது வரை பின்தொடர்ந்தனர். ஏழு வயதுக்கு முன்பே தங்கள் பிறப்பைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தாயோடு உறவுக் கசப்பு குறைவாக இருந்தது, அவர்களுடைய தாய்மாரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன.

பேற்றுக்குப் பிந்தைய சிக்கல்களுக்காக 36 மாதக் காப்பீடு வேண்டும் என்றும், பதிவேடுகளை 25 ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காப்பீட்டுச் சான்றைக் கோப்பில் வைத்துவிட்டு, சுமந்தவரின் கையில் அதன் நகலைக் கொடுக்காவிட்டால் அவருக்கு என்ன பயன்? நகலைக் கொடுத்து, எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று செவிலியர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, பேற்றுக்குப் பின் பத்தாம் நாள், ஆறாம் வாரம், ஆறாம் மாதம், ஓராண்டு எனச் சுமந்தவரின் வருகைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் மருத்துவச் செலவைத் தம்பதியரின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆறாம் வாரம் அவர் வரவில்லை என்றால், அவருடைய சொந்தக் கைபேசிக்கு அழைத்துக் கேளுங்கள். தம்பதியரின் எண்ணுக்கு அல்ல.