கர்ணனுக்கு எத்தனை இன்ஸ்பிரேஷன்?

"என் கேரக்டர் என்ன செய்யணும்னு பகடை சொல்லக் கூடாது." டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற கூட்டத்துல உக்காந்தா சீக்கிரமே இந்த வசனம் வந்துடும். மூலக்குளத்துல நாங்க ஆடுற மொட்டை மாடியும் விதிவிலக்கு இல்லை. கத்தி வீசினா படுமான்னு பகடை சொல்லலாம், பூட்டு திறக்குமான்னு சொல்லலாம், உயிரையே எடுக்கலாம். மனசை மட்டும் தொடக் கூடாதாம். என்ன நியாயம் இது?

ஆடாதவங்களுக்காக: ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். முடிவு தெரியாத இடத்துல இருபது பக்கப் பகடையை உருட்டணும். ஒரே கதை மாசக்கணக்குல ஓடினா அது கேம்பெயின்.

2014ல வந்த ஐந்தாம் பதிப்புல குணத்துக்கும் விதி இருந்துச்சு. சுபாவம், லட்சியம், பந்தம், குறைன்னு எழுதி வெச்சுக்கணும். அதுக்கேத்த மாதிரி ஆடினா டிஎம் 'இன்ஸ்பிரேஷன்' கொடுப்பார். ஒரு தடவை ரெண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கலாம். சமத்தா நடிச்சா ஆரஞ்சு மிட்டாய், அவ்ளோதான். டிஎம் மறந்துட்டா அதுவும் கிடையாது. 2024 பதிப்புல பின்னணிகளோட வந்த அந்த லட்சியம், பந்தம், குறை பட்டியல்களையே தூக்கிட்டாங்க. மனிதப் பாத்திரமா இருந்தா ராத்திரி நல்லா தூங்கி எழுந்தாலே இன்ஸ்பிரேஷன் வந்துடும். குறட்டைக்குப் பரிசு!

இப்ப கர்ணனைப் பாருங்க. எங்க பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல பாரதக் கூத்து பாத்தவங்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. இந்திரன் பிராமண வேஷத்துல வந்து கவச குண்டலம் கேக்கறான். வரப் போறது யாருன்னு சூரியன் முன்னாடியே எச்சரிச்சாச்சு. நம்ம பசங்க யாராவது கர்ணனை ஆடினா என்ன சொல்லுவான்? "சாரி சாமி, ஆர்மர் கிளாஸ் குறையும்." ஆனா கர்ணனால இல்லைன்னு சொல்ல முடியாது. அந்த முடியாமைதானே கர்ணன்?

1985ல கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கின 'பெண்ட்ராகன்' இதைப் புரிஞ்சுக்கிட்ட ஆட்டம். ஆர்தர் ராஜாவோட வீரர்கள் கதை. ஈகை–சுயநலம், மன்னிப்பு–வஞ்சம்னு 13 ஜோடி குணம், ஒவ்வொரு ஜோடியும் கூட்டினா 20. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும். (பிகாம்காரனுக்கு இதைப் பாத்ததும் டெபிட்–கிரெடிட் ஞாபகம் வந்துச்சு, மன்னிச்சுக்குங்க.) ஒரு குணம் 16ஐத் தொட்டுட்டா, சோதனை வர்ற நேரத்துல பகடை உருட்டித்தான் ஆகணும். சரி, அந்த 16 எங்கேருந்து வந்துச்சு? நீங்க அதுக்கு முன்னாடி செஞ்ச காரியங்கள்ல இருந்து. சொந்தக் கணக்குப் புத்தகம்தானே திரும்பி வந்து கேக்குது?

இங்கதான் வேகமும் வருது. 2014 டிஎம் கையேட்டோட கணக்குப்படி ஒரு பாத்திரக் கூட்டம் ஒரே நாள்ல ஆறிலிருந்து எட்டு மோதல் தாங்கும். அப்புறம் எட்டு மணி நேர ஓய்வு, இழந்த உயிர்ப்புள்ளி மொத்தமும் திரும்பிடும். அதனால பொங்கலுக்கு எலி அடிச்சவன் தீபாவளிக்குள்ள டிராகன் அடிக்கறான். இந்த ஓட்டத்துல மனுஷன் எப்ப மாறுவான்? பெண்ட்ராகன்ல பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு சாகசம். அப்புறம் குளிர்காலம். கல்யாணம், குழந்தை, நிலத்துக் கணக்கு, 35 தாண்டினா மூப்பு, எல்லாம் அப்பதான். வருஷம் பூரா குணத்துக்குப் பக்கத்துல விழுந்த டிக்குக்கெல்லாம் பகடை உருட்டறதும் அப்பதான். அவங்களோட பெரிய கேம்பெயின் 485லிருந்து 566 வரைக்கும் போகுது. அப்பா செத்து மகன் ஆடுவான்.

சூதாட்டம் முடிஞ்ச மறுநாள் காலையிலயே, லாங் ரெஸ்ட் எடுத்துட்டு, குருக்ஷேத்திரம் நடந்திருந்தா பீமன் சபதம் வெறும் கூச்சல். அதுக்கு நடுவுல 13 வருஷம் போகணும்.

"வேகம் குறைஞ்சா போரடிக்கும்" என்பார்கள். முடிவு தெரிஞ்ச கதையை விடிய விடிய உக்காந்து பாக்கற ஊர்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்லாதீங்கப்பா. மோசமான டிஎம் கையில குணப் பகடை சாட்டையா மாறும்ங்கிறது மட்டும் நியாயமான பயம். அதுக்குத்தான் அந்த 16 எல்லை. அதுக்குக் கீழ இருந்தா ஆடுறவன் இஷ்டம்.

ஐந்தாம் பதிப்பைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சின்ன ஓய்வு 8 மணி நேரம், பெரிய ஓய்வு 7 நாள்னு அந்தக் கையேட்டுலயே ஒரு மாற்று விதி இருக்கு. அதை எடுத்துக்கலாம், 13 ஜோடிக்குப் பதிலா அஞ்சு வெச்சுக்கலாம், சாகசத்துக்கும் சாகசத்துக்கும் நடுவுல ஒரு வருஷம் விடலாம். அடுத்த கேம்பெயினை நான் இப்படித்தான் நடத்தப் போறேன். ரெண்டு இடம் காலி. பகடை மனசைத் தொடக் கூடாதுங்கிறவங்களும் வரலாம், ஈகையை 15லயே நிறுத்திக்கிட்டா தப்பிச்சுக்கலாம் :-)