செங்கல்லுக்கு ஒப்பாரி

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் நம் பட்டணத்தில் ஒரு விசேஷம் நடக்கிறது. 1639ஆம் வருஷம் ஆகஸ்டு 22ஆம் தேதி இந்தக் கடற்கரை மணல் துண்டு கம்பெனிக்காரர்கள் கைக்கு வந்தது என்ற கணக்கை வைத்து, 2004லிருந்து சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். பிறந்த நாள் என்றுதான் பெயர். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் பிறந்த நாள் வீட்டின் சிரிப்பைக் காணோம். இழவு வீட்டின் ஒப்பாரிதான் கேட்கிறது. சுவர் நெடுகப் பழைய புகைப்படங்கள். 1953ல் நின்றுபோன டிராம் வண்டி, மூர் மார்க்கெட், ஜட்கா நிற்கும் மவுண்ட் ரோடு. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று 'ச்சு' கொட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள்.

சென்ற வருஷம் அப்படி ஒரு கூட்டத்தில் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்குக் கண்ணீரை வரவழைக்கச் சொல்லித்தர வேண்டுமா? நானும் மூர் மார்க்கெட்டுக்காக இரண்டு சொட்டு விட்டுவிட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். இரவு படுத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

பழைய கட்டடங்களுக்கு நான் விரோதியல்ல. மவுண்ட் ரோடில் 1897ல் எழுந்த கார்டில் கட்டடத்தை, பின்னாளில் பாரத் இன்ஷூரன்ஸ் மாளிகையான அதை, 2006ல் இடிக்கத் தொடங்கியபோது நீதிமன்றம் வரை போய்த் தடுத்தவர்களுக்கு என் வந்தனம். எனக்குள்ள சண்டை வேறு. கட்டடத்துக்கு அழுகிறவர்கள், அந்தக் கட்டடம் யாருக்கு என்னவாக இருந்தது என்று ஏன் கேட்பதில்லை? சென்டிரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1837ல் கட்டிய ஜெயிலை 2009ல் இடித்தார்கள். அதற்கும் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. ஜெயிலுக்கு! உள்ளே கிடந்தவனைக் கேட்டிருந்தால் கடப்பாரையை அவனே எடுத்துக் கொடுத்திருப்பான்.

மூர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985 மே மாதத்தில் அது எரிந்தது. படத்தைப் பார்த்து நாம் ஏங்குவது அதன் சிவப்புச் செங்கல் வளைவுகளுக்காக. அங்கே என்ன நடந்தது? சட்டைப் பையில் காலணா இல்லாதவனும் பழைய புஸ்தகக் கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் படிக்கலாம். கடைக்காரன் ஒரு தரம் முறைப்பான், அவ்வளவுதான். எத்தனையோ எழுத்தாளர்களுக்கும் வாத்தியார்களுக்கும் அது காசு வாங்காத கலாசாலை. கடைகளைப் பக்கத்து அல்லிக்குளத்துக்கு மாற்றினார்கள். மார்க்கெட் நின்ற இடத்தில் மின்சார ரயில் நிலையம் வந்தது. ரயிலும் தேவைதான். ஆனால் ஒன்றும் வாங்காமல், யாரும் விரட்டாமல், ஒரு மணி நேரம் நிற்க இந்தப் பட்டணத்தில் இன்று எத்தனை இடம் இருக்கிறது? போனது அந்த இடம். அதற்காக அழுதவரை நான் பார்க்கவில்லை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு வீடு இருந்தது. வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. மழைக்கு ஒதுங்குகிறவன், கூடையை இறக்கி வைக்கும் பூக்காரி, வெயிலுக்கு மூச்சு வாங்கும் தபால்காரர், பரீட்சைக்குப் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் என்று அதில் எப்போதும் யாராவது இருப்பார்கள். பட்டா தாத்தாவின் பெயரில் இருந்தாலும் திண்ணை பாதிக்குப் பாதி தெருவுடையதாக இருந்தது.

இருபது வருஷங்களுக்கு முன்பு அந்த வீட்டைப் பிரமோட்டரிடம் கொடுத்தோம். பங்காளிகள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். ஏழில் ஒன்று என்னுடையது. திண்ணை இருந்த இடத்தில் இன்று இரும்பு கேட்டும், வாட்ச்மேன் நாற்காலியும், 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்ற பலகையும் இருக்கின்றன. என் பங்குக்கு வந்த பணத்தில்தான் இப்போது நான் குடியிருக்கும் ஃப்ளாட்டை வாங்கினேன். அப்புறம் மேடையேறி, 'காலம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது' என்று பேசினேன்! காலம் யாருடைய வீட்டையும் இடித்ததில்லை, ஐயா. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் இடிக்கிறார்கள். இடித்தவன் காலத்தின் மேல் பழியைப் போடுவது, திருடன் இருட்டின் மேல் பழியைப் போடுவதைப் போல.

திண்ணையைப் புகழ்ந்துகொண்டே போனால் அதுவும் பொய்யாகிவிடும். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா? தெருப் பெருக்க வந்தவள் உட்காரவில்லை. அவள் தண்ணீர் கேட்டால் என் பாட்டி செம்பைத் தூக்கிப் பிடித்து அவளுடைய கையில் ஊற்றுவாள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய பட்டணத்துக்குத் தனிப் பூட்டுகள் இருந்தன. அவற்றை மறைத்துவிட்டு 'அந்தக் காலத்தில்' என்று உருகுகிறவர்களோடு நான் கூட்டுச் சேர மாட்டேன். நியாயமாக நாம் செய்திருக்க வேண்டியது என்ன? சிலருக்கு மறுத்த திண்ணையை எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்க வேண்டும். நாம் செய்ததோ, எல்லோருக்கும் சேர்த்து அடைத்தது. அடைத்துவிட்டு அதற்கு நாகரிகம் என்றும் பெயர் வைத்துக்கொண்டோம்.

வீட்டுத் திண்ணை சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஓர் ஏரியைக் காட்டுகிறேன். நுங்கம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா, லேக் வியூ ரோடு! கரை இருக்கிறது, காட்சி இருக்கிறது, ஏரியை மட்டும் காணோம். 1920களில் மாம்பலம் ஏரியை வற்றடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்து ஏரியின் படுகையில் பிற்பாடு வீடுகள் வந்தன. 1976ல் வள்ளுவர் கோட்டமும் வந்தது. அந்த ஏரியும் திண்ணையைப் போல ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. ஆனால் ஏரிக்குச் செங்கல் வளைவு கிடையாது. ஆகவே கண்காட்சியில் அதற்கு மாலை விழுவதில்லை.

வீடில்லாத ஜனங்களை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தியாகராய நகர் எத்தனையோ குமாஸ்தாக் குடும்பங்களுக்குக் கூரை கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறை தேவைக்குச் செய்ததை அடுத்த தலைமுறை ஆசைக்குச் செய்தது. வேளச்சேரி ஏரி சுருங்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பக்கம் குப்பையைக் கொட்டினோம், மறு பக்கம் கட்டடங்களை எழுப்பினோம். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டு, 1995லிருந்து அதன் மேல் ரயில் விடுகிறோம். 2015 டிசம்பரில் பெருமழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு, அடையாறு கரை புரண்டபோது, வேளச்சேரியில் படகு விட்டார்கள். தண்ணீர் புகுந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். புகுந்தது யார் என்று தண்ணீரைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

'கிரவுண்டு கோடிக்கணக்கில் விற்கும் ஊரில் திண்ணையாவது, குளமாவது!' என்று சிரிக்கிற புத்திசாலிகளுக்கு ஒன்று சொல்வேன். பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்கள். 2019ல் அங்கே வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தினார்கள். வியாபாரம் படுத்துவிடும், போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. பஜார் பஜாராகத்தான் இருக்கிறது. சாயங்காலத்தில் கிழவர்கள் உட்காருகிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. அதற்கு முன்பே, 2013ல், நடைபாதை வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் மனசு வைத்தால் அடைத்ததைத் திறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. கோடி விலை போகும் இடத்தில்தான் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தது போதும் என்று, போன மாதம் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்தில் மதில் சுவரை நாலடி உள்ளே தள்ளி, தெருவைப் பார்க்க ஒரு கல் பெஞ்சு போடலாம். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வைக்கலாம். செலவில் பாதியை நான் தருகிறேன் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, பழைய சென்னையின் படங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, "சார், பெஞ்சு போட்டால் கண்டவனும் வந்து உட்காருவானே!" என்றார்.

கண்டவன்! திருவல்லிக்கேணியில் மழைக்கு ஒதுங்கியவன் கண்டவன்தான். மூர் மார்க்கெட்டில் வாங்காமல் படித்தவனும் கண்டவன்தான். செம்பைத் தூக்கி ஊற்றிய என் பாட்டியின் கணக்கில் அந்தத் தெருப் பெருக்குகிறவளும் அப்படித்தான். அவன் உட்காரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷமாக இந்தப் பட்டணத்தை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கட்டி முடித்த பிறகு செங்கல்லுக்கு ஒப்பாரி வைக்கிறோம்.

தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார்கள். இருபது பேரில், என்னையும் சேர்த்து, மூன்று பேர் கை தூக்கினோம். அடுத்த கூட்டம் தை மாதத்தில். மறுபடியும் எழுந்து கேட்பதாக இருக்கிறேன்.