தாருக்கு அடியில தண்ணிப் பஞ்சாயத்து!

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு வந்து போற லோடு வண்டிகளைப் பார்த்திருக்கீங்களா? ரோட்டுல குழி விழுந்தா பழி மொத்தமும் அதுங்க மேலதான். ஆனா அதே வண்டி, அதே லோடு... சித்திரை வெயில்ல கம்முனு தாங்குற ரோடு, ஐப்பசி மழையில மட்டும் ஏன் பல்லைக் காட்டுது?

விஷயம் தாருக்கு அடியில. தாரும் ஜல்லியும் வெறும் சட்டை. உடம்பு, அதுக்குக் கீழ இறுக்கி வெச்ச அரை மீட்டர் மண்தான். சிவில் பசங்க 'சப்கிரேடு'ம்பாங்க. மண் லேசா ஈரமா இருந்தா, துகள்களுக்கு நடுவுல இருக்குற தண்ணியே அதுகளை இழுத்துப் பிடிச்சுக்கும். பீச்ல ஈர மணல்ல கோபுரம் கட்டுறோமே, அதே டெக்னிக். அலை வந்து முக்கிட்டா? கோபுரம் காலி! இடைவெளி முழுக்கத் தண்ணி நிறைஞ்சதும் அந்தப் பிடி போயிடும். மண் தொய்யும், தார் விரியும், விரிசல் வழியா இன்னும் தண்ணி இறங்கும். கந்துவட்டி கெட்டது போங்க!

இதை அளக்க சி.பி.ஆர். டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில பிறந்தது. மண்ணை அச்சுல இடிச்சு, நாலு நாள் தண்ணியில ஊறப்போட்டு, 50 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை நிமிஷத்துக்கு 1.25 மி.மீ. வேகத்துல இறக்கணும். (பார்த்துட்டு நின்னா தூக்கம் கேரண்டி!) எதுக்கு ஊறப்போடணும்? ரோட்டோட மோசமான நாளுக்கு டிசைன் பண்ணணும்ல! ஐ.ஆர்.சி. 37 (2018) கணக்குப்படி சி.பி.ஆர். 8 இருந்தா மண்ணோட விறைப்பு சுமார் 67 மெகாபாஸ்கல். 2 இருந்தா வெறும் 20. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரி களிமண்ணு ஊறினா, 2 வர்றதெல்லாம் சகஜம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். 1958-60-ல இல்லினாய்ஸ்ல சோதனை ரோடு போட்டு, ராணுவ டிரைவர்களை வெச்சு லாரி ஓட்டிக்கிட்டே இருந்தாங்க. பனி உருகி மண் நனைஞ்ச வசந்த காலத்துலதான் ரோடுகள் அதிகமா உடைஞ்சுது.

நம்ம மலையடிவாரத்துல பனி கிடையாது. ஆனா ரோட்டை ஒட்டியே வயல், குளம். ஓரத்து வாறுகால்ல டீ கப்பும் பாலித்தீன் பையும் அடைச்சுக் கிடந்தா, தண்ணி பக்கவாட்டுல மண்ணுக்குள்ள இறங்கும். அப்புறம் தண்ணி நிக்கிற குழி எவ்வளவு ஆழம்னு பைக்ல வர்றவனுக்குத் தெரியாது. விழுந்தா பின்னாடியே லாரி. என்னைக் கேட்டா, புதுத் தாருக்கு முன்னாடி வாறுகாலுக்குத்தான் காசு ஒதுக்கணும்.

அடுத்த மழை விட்டதும் பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது ரோட்டு ஓரத்தைக் கொஞ்சம் பாருங்க. முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கா? கீழ மண் ஊறியிருக்க சான்ஸ் அதிகம். அதுக்கு மேல தாரை மட்டும் ஊத்திட்டுப் போனா, அடுத்த ஐப்பசியிலயும் அதே இடம், அதே குழி!