டீவாவின் கைப்பை

'டீவா' என்றால் இத்தாலிய மொழியில் பெண் தெய்வம். 19ஆம் நூற்றாண்டில் ஓபரா மேடையின் முதன்மைப் பாடகிகளை அப்படித்தான் கொண்டாடினார்கள். இன்று அதே சொல், 'அடம்பிடிக்கும் திமிர்க்காரி' என்ற வசவாகவும் புழங்குகிறது.

அரீத்தா ஃபிராங்க்ளினுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. பாடுவதற்கு முன்பே சம்பளத்தை ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தப் பையை மேடைக்கும் கொண்டுபோவார். அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களைப் பாடவைத்துவிட்டுப் பணம் தராமல் ஏமாற்றிய வரலாறு தெரிந்தவர்களுக்கு, அந்தப் பை எதற்கென்று புரியும்.

தெய்வம் கூலி கேட்காது. மனுஷி கேட்பாள். கேட்டவுடன் அது திமிராகிவிடுகிறது. உரிய கூலியைக் கேட்பவரைத் திமிர் பிடித்தவர் என்பது நம் ஊரிலும் பழகிய குரல்தானே தோழர்களே? இனி யாரையாவது 'டீவா' என்று கேலி செய்தால், நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டீர்களா?