சிறு நிலையத்திற்கும் ஒரு விளக்கு வேண்டும்

இரும்புப் பாதை வராத கோவையை நம்மால் எண்ணிப் பார்க்க இயலுமா? சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கி இடப்பட்ட பாதை 1862-ஆம் ஆண்டில் போத்தனூரைத் தொட்டது. 1873-இல் கோவை வழியாக மேட்டுப்பாளையம் வரை கிளைப் பாதை சென்றது. அங்கிருந்து 1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் மலை ரயில் ஏறிற்று. அந்த மலை ரயிலை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எந்த நாட்டு விருந்தினர் வந்தாலும் நாம் பெருமையோடு சுட்டிக்காட்டும் வண்டி அது.

ஆனால் நாங்கள் எழுதப் புகுந்தது அந்தப் புகழ் பெற்ற வண்டியைப் பற்றி அன்று. காலையில் வேலைக்கும் கல்விக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்து, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடும் சாதாரணப் பயணி வண்டியைப் பற்றியும், அது ஒரு நிமிடம் நின்று செல்லும் சிறு நிலையங்களைப் பற்றியுமே எழுதுகிறோம். எங்கள் பள்ளியில் அவ்வண்டியில் வந்து செல்லும் மாணவியர் நாங்கள் ஒன்பது பேர். அதனால் இதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சோமனூர், கிணத்துக்கடவு என்று கோவையைச் சுற்றிலும் எத்தனை நிலையங்கள்! விரைவு வண்டியில் செல்வோருக்கு இவை சன்னலில் வந்து மறையும் பெயர்ப் பலகைகள். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் அக்காமாருக்கும், மில்லில் முறைவேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும், காய்கறிக் கூடையோடு வரும் பாட்டிமாருக்கும் இவையே வாழ்க்கையின் வாசற்படிகள். மாசி மாதத்தில் காரமடை அரங்கநாதர் தேரைக் காணச் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்கள், சிறு நிலையம் என்றால் சிறிய கூட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

எங்களுள் பலர் ஏறி இறங்கும் நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அது எந்த ஊராகவும் இருக்கலாம். அங்கே நடைமேடை தாழ்வானது. வண்டியின் படியோ உயரமானது. நடைமேடைகளில் மூன்று வகை உண்டு என்று அறிகிறோம். தண்டவாளத்தின் மட்டத்திலேயே அமைந்தது ஒன்று, ஏறக்குறைய 45 செ.மீ. உயரமுள்ளது மற்றொன்று, 76 முதல் 84 செ.மீ. வரை உயரமுள்ளது மூன்றாவது. மூன்றாம் வகை இருந்தால் கைக்குழந்தையோடும் ஏறிவிடலாம். முதல் வகையில் எங்களைப் போன்ற இளையவர்களே கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும்.

நாள்தோறும் எங்களோடு கீரைக் கூடையுடன் ஏறும் பாட்டி ஒருவர் இருக்கிறார். வண்டி வந்து நின்றதும் அவர் முதலில் தாம் ஏறமாட்டார். "அம்மிணி, மொதல்ல கூடையை வாங்கிக்க. நானு எப்படியோ ஏறிக்கறேன்" என்பார். கூடை ஏறியபின் நாங்கள் இருவர் அவருடைய கைகளைப் பிடித்துத் தூக்குவோம். ஒரு நாள் கூடை ஏறிற்று, பாட்டி ஏறுமுன் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் கூடையை இறக்கி, அங்கே இருந்த தேநீர்க் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தோம். மாலையில் பாட்டிக்குக் கூடை கிடைத்தது. ஆனால் கீரை வாடிவிட்டது. வாடிய கீரையை யார் வாங்குவார்கள்? அன்று அவருடைய வருமானம் போயிற்று.

இந்நிகழ்ச்சியை வகுப்பில் கூறி, "ஒன்றுமே சரியில்லை, சிஸ்டர்" என்று முறையிட்டோம். எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி சிரித்துவிட்டு, "'ஒன்றுமே' என்பது எத்தனை? குறை சொல்லுமுன் எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். சரியாகச் சொன்ன குறைக்குத்தான் சரியான பதில் கேட்க முடியும்" என்றார். அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு வாரம் எழுதினோம்.

எழுதியபோதுதான் சில உண்மைகள் விளங்கின. விளக்குக் கம்பங்கள் ஆறு. எரிந்தவை இரண்டு. அவ்விரண்டும் சீட்டுக் கொடுக்குமிடத்தின் அருகிலேயே இருந்தன. பெண்கள் பெட்டி வந்து நிற்கும் பக்கத்தில் ஒன்றுகூட எரியவில்லை. குழாய் இருந்தது, நீர் வரவில்லை. கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு ஒருவர் மற்றொருவரைக் காட்டினார். பெஞ்சுகள் இருந்தன, ஆனால் கூரை முடிந்த இடத்திற்கு அப்பால் வெயிலில் இருந்தன. ஆகவே "ஒன்றுமே இல்லை" என்று நாங்கள் சொன்னது தவறு. பெரும்பாலானவை இருந்தன. பேணுவார்தாம் இல்லை. இந்த வேறுபாட்டை எங்களுக்கு அந்த நோட்டுப் புத்தகமே கற்பித்தது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தைச் சொல்கிறோம். பத்தாம் வகுப்பில் மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரை மணிக்கு முடிகிறது. நாங்கள் வண்டி பிடித்து ஊரில் இறங்கும்போது ஏழு மணி ஆகிவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் அது நல்ல இருட்டு. எங்கள் ஒன்பது பேருள் ஒருத்தி மட்டும் நடைமேடையின் இருண்ட கோடியில் இறங்கி, மறுபக்கத்துத் தோட்டத்து வீட்டிற்குத் தனியாகச் செல்ல வேண்டும். அவளுடைய தந்தையார் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். தலைமைச் சகோதரியிடம் மிகுந்த பணிவோடு, "புள்ள நல்லாத்தானுங்க படிக்குது. ஆனா வெளிச்சமே இல்லாத எடத்துல தெனமும் எறங்கி வரோணும்ங்க. எனக்கும் ஷிப்டு வேலை, கூட்டிட்டுப் போக ஆளில்லீங்க. பத்தாவதோட நிறுத்திக்கலாம்னு பாக்கறனுங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் பெண் கல்விக்குப் பகைவர் அல்லர். தம் மகளை இவ்வளவு தொலைவு அனுப்பிப் படிக்க வைத்தவரே அவர்தாம். கணக்கில் வகுப்பின் முதல் மாணவியான எங்கள் தோழியின் படிப்பு, எரியாத நான்கு விளக்குகளால் நின்றுவிட இருந்தது. ரயில் நிலைய வசதி என்றால் ஏதோ சுகத்திற்காகக் கேட்பது என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது வசதி. பெண்ணுக்கு அதுவே பல சமயங்களில் அனுமதி. விளக்கு எரிந்தால் அனுப்புவார்கள், எரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

மற்றொன்றையும் தாய்மார்கள் முன்னிலையில் கூச்சமின்றிச் சொல்கிறோம். எங்களுள் பலர் பிற்பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் திறந்த கழிப்பறை ஒன்று இல்லை என்பதே காரணம். உடல்நலப் பாடத்தில் நிறையத் தண்ணீர் அருந்த வேண்டும் என்று தேர்வில் எழுதுகிறோம். வாழ்க்கையில் எங்களால் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை.

"சிறு நிலையங்களில் வருமானம் குறைவு, அதனால் வசதியும் குறைவு" என்று சிலர் கூறுவர். இதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பயணிகளின் தொகையையும் வருமானத்தையும் கொண்டே ரயில்வே துறை நிலையங்களைத் தரம் பிரித்து, தரத்திற்கேற்ப வசதிகளை வகுக்கிறது. எல்லா ஊருக்கும் நகரும் படிக்கட்டு வைக்க இயலாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆயினும் ஒரு கேள்வி உண்டு. ஆள் வராததால் விளக்கு எரியவில்லையா, விளக்கு எரியாததால் ஆள் வரவில்லையா? எங்கள் தோழி நின்றுவிட்டால் அந்நிலையத்தில் ஒரு பயணி குறைவாள். அவளைப் போல் நால்வர் நின்றால் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்று கணக்கு எழுதப்படும். குறைந்த கணக்கைக் காட்டி மேலும் வசதி குறையும். நோயாளி உண்ணவில்லை என்று கஞ்சியைக் குறைப்பது போன்றது இது.

இக்குறை நேற்று முளைத்ததன்று. காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்து, அங்கே ஏழைப் பயணிகள் படும் துன்பங்களை 1917-ஆம் ஆண்டிலேயே எழுதினார். நெரிசலையும் அழுக்கையும் கண்டித்த அவர், பயணிகளாகிய நம்முடைய துப்புரவற்ற பழக்கங்களையும் விட்டு வைக்கவில்லை. செய்ய முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மும்பையில் மாடுங்கா நிலையத்தை 2017-ஆம் ஆண்டில் முழுவதும் பெண் பணியாளர்களிடமே ஒப்படைத்தார்கள். நம் நாட்டின் பல நிலையங்களைப் புதுப்பிக்க அம்ரித் பாரத் நிலையத் திட்டம் வந்துள்ளது. மேட்டுப்பாளையம், கோவை வடக்கு, திருப்பூர் ஆகியவை அதில் இடம் பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அந்த மகிழ்ச்சியின் ஒரு துளி அடுத்தடுத்த சிறு நிலையங்களுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் ஒரே ஒரு மாணவிக்காக ஒரு நிலையத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நாங்களும் அதை ஆர்வத்தோடு இக்கட்டுரையில் எழுதினோம். சிஸ்டர், "சரிபார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தபோது, அங்கே பள்ளி மாணவி ஒருத்தி பயணம் செய்தது உண்மை, 2016 மார்ச்சில் அந்நிலையம் மூடப்பட்டதும் உண்மை, அவளுக்காக மட்டுமே அதை நடத்தினார்கள் என்பது மிகைப்படுத்தல் என்று தெரிந்தது. ஆனாலும் உலகம் முழுவதும் அக்கதையை விரும்பிப் பரப்பியது ஏன்? ஒரு பெண்ணின் படிப்புக்காக ஒரு வண்டி நிற்பது நியாயம் என்று எல்லார் மனத்திற்கும் பட்டதனால்தான் அன்றோ?

பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். கடலைத் தோலைப் பெட்டிக்குள் உதிர்ப்பவர் யார்? குழாயைத் திறந்து மூடாமல் செல்பவர் யார்? சீட்டு வாங்காமல் ஏறி, நிலையத்தின் கணக்கைக் குறைப்பவர் யார்? மேம்பாலம் சுற்று என்று தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர் யார்? அது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறைக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உரிய குற்றம். அதற்கும் மேலாக, அது உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு. எங்கள் ஒன்பது பேருள் நால்வர் அவ்வாறு கடந்தவர்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நோட்டுப் புத்தகம் தொடங்கிய நாள் முதல் கடப்பதில்லை.

எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, கோரிக்கைகளை ஐந்தாகச் சுருக்கி மனு எழுதினோம். நடைமேடையின் இரு கோடிகளிலும் விளக்கு எரிய வேண்டும். பெண்கள் கழிப்பறையின் பூட்டுத் திறந்திருக்க வேண்டும். குழாயில் குடிநீர் வர வேண்டும். பெஞ்சுகளுக்கு மேல் நிழல் வேண்டும். நடைமேடையை உயர்த்தும் வரை, முதியோர் ஏறி முடித்ததைப் பார்த்து வண்டிக்குக் கொடி காட்ட வேண்டும். இவற்றுள் முதல் மூன்றுக்கும் பெரும் செல்வம் வேண்டியதில்லை. பொறுப்பான ஒருவர் போதும்.

மனுவில் பெற்றோர்களும், பனியன் கம்பெனி அக்காமாரும் கையொப்பம் இட்டார்கள். கீரைப் பாட்டி கைநாட்டு வைத்தார். தோழியின் தந்தையார், "பொறவு பாத்துக்கலாமுங்க" என்று சொல்லி, பொதுத் தேர்வு வரை மகளை அனுப்ப இசைந்திருக்கிறார். அதுவரை அவள் வீட்டு வாசல் வரை எங்களில் இருவர் முறைவைத்துத் துணை செல்கிறோம். இம்மலர் அச்சுக்குச் செல்லும்வரை மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆனால் சென்ற வாரம் மூன்றாவது கம்பத்தில் ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் மனுவால் எரிந்ததோ, தானாகவே மாற்றினார்களோ, நாங்கள் அறியோம். நோட்டுப் புத்தகத்தில் "எரிந்தவை மூன்று" என்று மட்டும் எழுதிக்கொண்டோம்.

பெற்றோர்களே! பயணத்தில் குறை கண்டால் 139 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள். அன்புத் தோழியரே! நீங்கள் இறங்கும் நிலையத்திலும் விளக்குகளை ஒரு முறை எண்ணுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அடுத்த ஆண்டு மலரை நீங்கள் பிரிக்கும்போது எங்கள் தோழி பதினோராம் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்காக இறைவனை வேண்டுகிறோம். வேண்டிக்கொண்டே, மீதி மூன்று விளக்குகளுக்காக அடுத்த மனுவையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

- ரயிலில் வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், அவர்களுள் ஒருத்தி