இஸ்திரி வண்டியும் கூத்து மேடையும்

தொழில்நுட்பம் உழைப்பவரின் சுமையைக் குறைக்கும்போதும், கலை அந்தச் செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுசெல்லும்போதும் சமூக மாற்றத்தில் நம்பிக்கை பிறக்கிறது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்த சூரிய ஒளி இஸ்திரி வண்டி, 2021ஆம் ஆண்டு எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் அவர் உரையாற்றினார்.

வண்டியின் கூரையில் உள்ள சூரியத் தகடுகள் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கின்றன. 5 மணி நேர நல்ல வெயில் இருந்தால் இஸ்திரிப் பெட்டி 6 மணி நேரம் இயங்கும். கரிப்பெட்டியின் தணலை விசிறி, சாம்பலைத் தட்டி, புகையைச் சுவாசித்தபடி நாள் முழுதும் நிற்கும் தொழிலாளிக்குக் கரிச்செலவு மிச்சம், நுரையீரலுக்கும் பாதுகாப்பு. கரிக்காக மரம் வெட்டுவதும் குறையும்.

இத்தகைய செய்தியை ஊர்தோறும் கொண்டுசெல்லக் கலையால் முடியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தாலும் பாட்டாலும் தமிழகக் கிராமங்களில் எழுத்தறிவைப் பரப்பியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டனர். மக்களைத் திரட்டும் அந்த ஆற்றல் கூத்துக்கும் உண்டு. திருவண்ணாமலை வட்டாரத்தில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்க்க ஊரே திரள்கிறது.

இஸ்திரித் தொழிலாளர்களுக்கு இத்தகைய வண்டிகள் மானியத்துடன் கிடைக்க அரசும் வங்கிகளும் வழிசெய்ய வேண்டும். அவற்றின் பயனை மக்களிடம் எடுத்துச்சொல்லும் பணியை, உரிய ஊதியத்துடன் கூத்துக் கலைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருவண்ணாமலை